வாசலை மறித்து நிற்கும் வண்டி: இப்போது எடுக்க வைப்பதும், நாளைக்கு வராமல் பார்ப்பதும்

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் அடிக்கடி யாராவது காரை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். சில நாள் கேட்டுக்கு நேராக, சில நாள் எதிர்ப்பக்கம். சொன்னால் 'அதான் இடம் விட்டிருக்கேனே' என்கிறார்கள். சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, போர்டு மாட்டிப் பார்த்தாயிற்று. டயரில் காற்றை இறக்கிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. என்னதான் வழி?"

காற்றை மட்டும் இறக்காதீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவசரமாகக் கிளம்பும்போது கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு கார் நிற்கிறது என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்த வண்டி அங்கிருந்து நகர்வது. காற்று இல்லாத வண்டி எப்படி நகரும்? அதுவரை தப்பு முழுக்க அவர் பக்கம் இருந்தது. நீங்கள் வால்வைத் தொட்ட நிமிடத்திலிருந்து பேச்சு முழுக்க உங்களைப் பற்றியதாகிவிடும். கோடு கிழிப்பது, வைப்பரை வளைப்பது, பதிலுக்கு நம் வண்டியைக் கொண்டுபோய் அவர் வண்டிக்குக் குறுக்கே போடுவது எல்லாமே இந்தக் கணக்குதான்.

நான் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். தண்ணீர், லிஃப்ட், குப்பை பற்றிய புகார்களை எல்லாம் சேர்த்தாலும் வண்டி நிறுத்தும் தகராறுகளுக்கு ஈடாகாது. அந்த ஆறு வருடத்தில் நான் புரிந்துகொண்டது, இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பது. இப்போது நிற்கும் வண்டியை எடுக்க வைப்பது ஒரு வேலை. அந்த வண்டியோ வேறொன்றோ நாளைக்கு அங்கே வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. முதல் வேலைக்கு வேகமும் பணிவும் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையும் கொஞ்சம் பெயின்ட்டும் வேண்டும். பெரும்பாலான சண்டைகள், முதல் வேலை நடக்கிற நேரத்திலேயே இரண்டாவதையும் முடித்துவிடப் பார்ப்பதால்தான் வருகின்றன. சாவியோடு ஓடிவருகிறவரை நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் புத்தி சொல்கிறோம். தெருவே வேடிக்கை பார்க்கிறது, அவருக்கு அவமானமாகிறது, நமக்கு நேரம் போகிறது, வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒரு இரவு இரண்டரை மணி இருக்கும். கீழ்த்தளத்தில் இருந்த பெரியவருக்கு மூச்சுத்திணறல். அவர் மகன் காரை எடுத்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டார். திறந்தால், பாதி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். முன்கண்ணாடிக்குள் வெயில் மறைப்பு விரித்திருந்தது, ஃபோன் நம்பர் எதுவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருந்தார்கள், அசையவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்ற அந்தத் தெருவுக்குள் அதுவும் நுழைய முடியவில்லை. கடைசியில் பெரியவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியின் காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனோம். அவர் பிழைத்துக்கொண்டார். காலை ஏழு மணிக்கு அந்தக் காரை எடுக்க வந்தவர், மூன்று வீடு தள்ளி உறவினர் வீட்டில் தங்க வந்தவர். நடந்ததைச் சொன்னோம். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கேட் மூடியே இருந்துச்சு சார். இது எடுக்காத கேட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் இரவு நானே தெருவில் போய் நின்று எங்கள் கேட்டைப் பார்த்தேன். மங்கிப்போன பச்சை கேட், இரண்டு பக்கமும் அதே பச்சையில் மதில். விளக்கு உள்பக்கம் எரிந்தது, தெருப்பக்கம் இருட்டு. 'நோ பார்க்கிங்' போர்டு இருக்கத்தான் செய்தது, ஆனால் இடுப்பு உயரத்தில். கார் வந்து நின்றால் போர்டைக் காரே மறைத்துவிடும். உள்ளே இருக்கிற நமக்கு அது தினமும் நாலு தடவை திறக்கிற வாசல். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது இன்னொரு துண்டு மதில். வாசலை மறிக்கிறவர்களில் நிறையப் பேர் திமிரில் மறிப்பதில்லை, தெரியாமல் மறிக்கிறார்கள். ஆகவே உங்கள் வாசலையும் ஒருநாள் இரவில், கார் ஓட்டி வருகிறவர் கண்ணோடு பாருங்கள்.

சரி, இப்போது வண்டி நிற்கிறது, நீங்கள் கிளம்பியாக வேண்டும். என்ன செய்வது?

முதலில் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தையும் பக்கக் கண்ணாடிகளையும் பாருங்கள். நம்பர் எழுதிய அட்டையோ, ஸ்கேன் செய்தால் உரிமையாளருக்குத் தகவல் போகும் கியூஆர் ஒட்டியோ இருக்கலாம். தென்கொரியாவிலும் சீனாவிலும் காரின் முன்பக்கம் ஃபோன் நம்பர் வைப்பது சர்வசாதாரணம். நம் மக்களிடம் அது இன்னும் முழுதாகப் பரவவில்லை. நம்பர் இல்லையென்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இவர் எங்கே போயிருப்பார்? பின்சீட்டில் குழந்தை இருக்கை, பொருள் டெலிவரி செய்யும் பெட்டி, அலுவலகத்தின் வாகன அனுமதி ஒட்டி, எதாவது ஒன்று துப்புக் கொடுக்கும். பக்கத்து நாலு வீடு, விசேஷம் நடக்கும் வீடு, கடை, கிளினிக் என்று கேட்டுப் பார்த்தால் பாதி சமயம் அங்கேயே ஆள் கிடைத்துவிடுவார். ஹாரனை ஒரு முறை, இரண்டு முறை அடிக்கலாம். ஐந்து நிமிடம் விடாமல் அடித்தால் தெரு முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ஆள் வந்ததும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். "சார், வண்டி எடுக்கணும், கொஞ்சம் நகர்த்துறீங்களா?" அவ்வளவுதான். அவர் நகர்த்தட்டும். போகும்போது, "இது டெய்லி கார் எடுக்கிற கேட் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவர் மன்னிப்புக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீங்கள் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கும்.

தள்ளி நகர்த்துவது பற்றிச் சொல்ல வேண்டும். தென்கொரியாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடம் இல்லாமல் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு காரைக் குறுக்கே நிறுத்துகிறவர்கள், கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் போடாமல் விட்டுப் போகும் வழக்கம் உண்டு. உள்ளே இருக்கிறவர் வந்து கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொள்வார். தரை சமமாக இருக்க வேண்டும், எல்லோரும் அதற்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் அடுத்தவர் காரைத் தள்ளுவது ஆபத்து. ஆட்டோமேட்டிக் கார் 'பி' என்ற பார்க்கிங் கியரில் நின்றால் எத்தனை பேர் தள்ளினாலும் போகாது. சரிவில் அசைந்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. பைக் என்றால் கொஞ்சம் சுலபம். ஹேண்டில் லாக் போட்டிருந்தாலும் இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள், கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்து கண்ணாடி உடைந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

யாரும் வரவில்லை என்றால் போலீஸ்தான். அப்போது சொல்கிற விதம் முக்கியம். "கேட்டுக்கு முன்னாடி கார் நிக்குது" என்றால் அது நூறு புகார்களில் ஒன்று. "என் கார் உள்ளே மாட்டியிருக்கிறது, வெளியே எடுக்க முடியவில்லை, அரை மணி நேரமாக உரிமையாளரைத் தேடிவிட்டோம், பதிவு எண் இது, நிறம் இது, இடம் இது" என்றால் அது வேறு. பல இடங்களில் உள்ளே மாட்டிக்கொண்ட வண்டி வெளியே வர முடியாத நிலையைத்தான் சாலைத் தடையாக எடுத்துக்கொள்வார்கள். வெளியே நிற்கும் வண்டி உள்ளே போக முடியாததை அவ்வளவு அவசரமாகப் பார்ப்பதில்லை. உங்கள் நிலை எதுவோ அதை உள்ளபடி, தெளிவாகச் சொல்லுங்கள். பதிவு எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. உயிர் விஷயம் என்றால் இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம், முதல் ஃபோன் ஆம்புலன்ஸுக்கு. எங்கள் தெருவில் அன்றிரவு தள்ளிப் பார்த்ததில் போன ஏழெட்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வண்டி நிற்கிற இடம் பொதுச் சாலையா, உங்கள் வளாகத்துக்கு உள்ளேயா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாலையில் என்றால் போக்குவரத்துச் சட்டம் பேசும். வளாகத்துக்குள் என்றால் அது பல நாடுகளில் அத்துமீறல் சம்பந்தப்பட்ட சிவில் விவகாரமாகிவிடும், போலீஸ் சும்மா வரமாட்டார்கள். சில சங்கங்கள் தாங்களே சக்கரப் பூட்டு வாங்கி வைத்துக்கொள்கின்றன. வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபரிலிருந்து, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் தனியார் இடத்தில் ஒரு வண்டிக்குப் பூட்டுப் போடுவதும் இழுத்துச் செல்வதும் குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துச் செல்லவோ பூட்டவோ உத்தரவிடுவது சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரியின் வேலை. சங்கச் செயலாளரின் வேலை இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இருக்கிறது. 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 23ஆம் பிரிவு, வண்டிகள் வந்துபோகும் வாசல்களுக்கு முன்னால் நிறுத்தக்கூடாது என்கிறது. முறையாக நிற்கும் இன்னொரு வண்டி வெளியே வர முடியாதபடி நிறுத்துவதையும் தடுக்கிறது. இந்தியாவின் 1989ஆம் வருடத்துச் சாலை விதிகளிலேயே, நிறுத்தக்கூடாத இடங்களின் பட்டியலில் தீயணைப்புக் குழாயோடு சேர்த்துக் கட்டிட நுழைவாயிலும் இருந்தது. ஆஸ்திரேலியச் சாலை விதி, ஆளை ஏற்றி இறக்க மட்டும் வாசலில் 2 நிமிடம் அனுமதிக்கிறது. ஜப்பானில் வண்டி வாசலுக்கு நேராக மட்டும் பார்ப்பதில்லை, வாசலிலிருந்து 3 மீட்டருக்குள் நிறுத்தவே கூடாது. ஜெர்மன் விதி இன்னும் ஒரு படி மேலே போய், சாலை குறுகலாக இருந்தால் வாசலுக்கு எதிர்ப்பக்கமும் நிறுத்தக்கூடாது என்கிறது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

'அதான் இடம் விட்டிருக்கேனே' என்று சொல்கிறவரைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர் கண்ணுக்கு உங்கள் கேட் முழுசாகத் திறந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் அவர் கார் ஓரமாக ஒட்டி நிற்கிறது, நடுவில் ஒரு கார் தாராளமாகப் போகும் அகலம். நேராகப் போகிற காருக்கு அது போதும். கேட்டிலிருந்து வெளியே வருகிற கார் நேராகப் போவதில்லை, தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும். சாதாரண காரின் திருப்பு ஆரம், அதாவது முழுக்க ஒடித்துத் திரும்பும்போது அது போடும் வட்டத்தின் ஆரம், ஐந்து மீட்டர், ஐந்தரை மீட்டர் இருக்கும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் சீக்கிரம் ஒடித்தால் கேட் தூணில் கதவு உரசும், தாமதமாக ஒடித்தால் முன்பம்பர் எதிரே நிற்கும் காரில் இடிக்கும். காரைச் செங்குத்தாக நிறுத்தி எடுக்கும் பார்க்கிங் இடங்களை வடிவமைக்கிறவர்கள், வரிசைகளுக்கு நடுவில் சுமார் 6 மீட்டர் வழி விடுவது இதற்காகத்தான். உங்கள் தெரு ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு கார் நின்றால் அது 2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நாலு. அந்த நாலில் முன்னும் பின்னுமாக ஆறேழு தடவை அலைந்துதான் வெளியே வர முடியும், சில கேட்டுகளில் அதுவும் முடியாது.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர், பிடிவாதக்காரர். மாதக்கணக்கில் எங்களுக்கும் அவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாருக்கும் அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து அவரைக் கூப்பிட்டு, என் கார் சாவியைக் கையில் கொடுத்தேன். "சார், நீங்க என்னைவிட நல்லா ஓட்டுவீங்க. எப்படி எடுக்கறதுன்னு எனக்கு ஒரு தடவை காட்டுங்க" என்றேன். மனதாரத்தான் கேட்டேன், ஒருவேளை எனக்குத்தான் எடுக்கத் தெரியவில்லையோ என்ற சந்தேகமும் இருந்தது. அவர் உட்கார்ந்தார். முதல் ஒடிப்பிலேயே இடது பின்கதவு தூணை நெருங்கிவிட்டது. பின்னால் வந்தார், மறுபடி ஒடித்தார். என் பையன் சாக்பீஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் முன்சக்கரம் எங்கே வந்து நிற்கிறது என்று தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். ஏழாவது கோட்டில் கார் வெளியே வந்தது. அவர் இறங்கி அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் தன் காரை எடுத்து ஒன்றரை மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டார். அந்த ஒன்றரை மீட்டரே போதுமாக இருந்தது. அவர் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஓர் அடையாளம் வைத்தோம், அடுத்த வாரம் அதை மஞ்சள் பெயின்ட்டாக்கினோம்.

எதிர்ப்பக்கத்துக்காரரோடு தகராறு என்றால் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். அவரை முழுக்க நிறுத்தாதே என்று சொன்னால் அவருக்கும் வேறு இடம் இருக்காது. எவ்வளவு தள்ளினால் போதும் என்று அளந்து காட்டினால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கேட் தூணை ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். வாசலை அவர்கள் தொடவே இல்லை, ஆனால் நீங்கள் திரும்பும் பக்கத்தில் தூணுக்கு அப்புறம் ஒரு மீட்டராவது காலியாக இல்லாவிட்டால் காரை ஒடிக்க முடியாது.

உங்கள் பக்கம் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. காரை ரிவர்ஸில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, முன்பக்கமாக வெளியே எடுங்கள். திருப்பும் சக்கரங்கள் தெருப்பக்கம் இருக்கும்போது குறைந்த அகலத்தில் திரும்ப முடியும். ரிவர்ஸில் வெளியே வருவதைவிடத் தெருவில் வருகிறவர்களும் நன்றாகத் தெரிவார்கள். கேட் தெருப்பக்கம் திறக்கிறது என்றால் உள்பக்கம் திறப்பதாகவோ பக்கவாட்டில் நகர்வதாகவோ மாற்றிவிடுங்கள். வீட்டு வேலை ஏதாவது நடக்கும்போது முடிந்தால் கேட்டை அரை மீட்டர் அகலப்படுத்துங்கள். வாசல் அகலமானால் தெருவில் தேவைப்படும் அகலம் குறையும். செலவுதான், ஆனால் வருடக்கணக்கில் தினமும் படும் அவஸ்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் போர்டு. 'நோ பார்க்கிங்' என்ற இரண்டு வார்த்தை கண்ணில் பட்டாலும் மனதில் ஏறுவதில்லை, எல்லாச் சுவரிலும் அதுதான் எழுதியிருக்கிறது. அதற்குப் பதில் காரணத்தை எழுதுங்கள்: 'கார் வெளியே வரும் வாசல். இரவும் பகலும் எடுக்கப்படும்.' காரின் கூரைக்கு மேலே தெரிகிற உயரத்தில், தூணில் மாட்டுங்கள். கேட்டில் மாட்டினால் கேட் திறந்திருக்கும்போது தெரியாது. இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டியைத் தூணின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். தெருப்பக்கம் ஒரு சின்ன விளக்கு. கேட்டுக்கு மதிலின் நிறத்தை அடிக்காதீர்கள். எங்கள் கேட்டை வெள்ளையும் கறுப்புமாக மாற்றி, விளக்கைத் தூணுக்கு வெளியே கொண்டுவந்த பிறகு, புதிதாக வருகிறவர்கள் மறித்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. சாலையில் கோடு போடுவதற்கு உள்ளாட்சியிடம் எழுதிக் கேளுங்கள். அவர்கள் போட்ட கோட்டுக்கு இருக்கும் மதிப்பு நாம் போட்டதற்குச் சட்டத்தில் இல்லை.

கண்ணாடியில் சீட்டு வைப்பதென்றால் அதிலும் கோபம் வேண்டாம். நாங்கள் வைத்த சீட்டு இப்படி இருக்கும்: "வணக்கம். இது தினமும் கார் எடுக்கும் வாசல். இன்று காலை 8.10க்கு எங்களால் வெளியே எடுக்க முடியவில்லை. அடுத்த முறை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினால் போதும். நன்றி. முதல் மாடி." நேரத்தை எழுதுவது அவசியம். தன்னால் ஒருவர் எத்தனை மணிக்கு மாட்டிக்கொண்டார் என்று படித்தால் உறைக்கும். பசை போட்டு ஒட்டாதீர்கள், வைப்பருக்குக் கீழே செருகினால் போதும்.

தெரிந்தே திரும்பத் திரும்ப நிறுத்துகிறவர் என்றால் பணிவு மட்டும் போதாது. ஒரு நோட்டில் தேதி, நேரம், பதிவு எண், எவ்வளவு நேரம் மறித்தது, அதனால் என்ன கெட்டது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஃபோட்டோவில் பதிவு எண்ணும் உங்கள் கேட்டும் சேர்ந்து தெரிய வேண்டும். வெறும் நம்பர் பிளேட்டின் படம் எதையும் நிரூபிக்காது. ஒரு மாதத்தில் ஆறேழு பதிவு சேர்ந்ததும், பாதிக்கப்பட்ட இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுங்கள், பெற்றதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் கொடுத்தால் அது பக்கத்து வீட்டுச் சண்டை. நாலு பேர் கொடுத்தால் அது தெருவின் பிரச்சினை. பக்கத்தில் இருக்கும் கடைக்கோ மண்டபத்துக்கோ வருகிறவர்கள்தான் மறிக்கிறார்கள் என்றால் ஓட்டுநர்களோடு தினமும் மல்லுக்கட்டுவதில் பலன் இல்லை, அவர்கள் தினமும் வேறு ஆட்கள். அதை நடத்துகிறவரிடம் போய், கூட்டம் வரும் நேரத்தில் உங்கள் வாசலில் மட்டும் ஒரு கூம்பு வைக்கவோ ஓர் ஆளை நிறுத்தவோ கேளுங்கள்.

தெரு முழுக்கச் சேர்ந்து பேசக் கிடைத்தால் தீயணைப்பு வண்டியைப் பற்றிப் பேசுங்கள். அதன் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். ஆறு மீட்டர் தெருவில் இருபுறமும் கார் நின்றால் நடுவில் இருப்பது இரண்டு மீட்டர். அளவு நாடாவைப் பிடித்துக் காட்டினால் மறித்து நிறுத்துகிறவரும் கவனிப்பார். அவர் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கான வழி உங்கள் உரிமை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு உங்களுடையது இல்லை. கேட்டுக்கு இரண்டு பக்கமும் கல்லும் பூந்தொட்டியும் பழைய டயரும் போட்டு இடம் பிடிப்பது சாலை ஆக்கிரமிப்பு. அதைச் செய்துவிட்டுப் புகார் கொடுத்தால் முதலில் உங்கள் கல்லைத்தான் எடுக்கச் சொல்வார்கள். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2017இல், தன் சொந்த கராஜ் வாசலை மறித்துத் தானே காரை நிறுத்தினாலும் அது குற்றம்தான் என்று தீர்ப்பளித்தது. பொதுச் சாலையை ஒருவர் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடியாது என்பது அதற்குக் காரணம். கார் நிறுத்தும் இடத்தில் பழைய பீரோவையும் தட்டுமுட்டுச் சாமானையும் அடைத்துவிட்டுத் தன் காரைத் தெருவில் போடுகிறவர்களை எங்கள் சங்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் மறித்த வண்டியைப் பற்றிப் பேச வந்தால் யாரும் காதுகொடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது அவர்கள் யார் வாசலில் நிறுத்துகிறார்கள் என்று வெளியே வந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் காரில் இன்றைக்கே ஃபோன் நம்பர் எழுதிய அட்டையை வையுங்கள்.

நிறுத்த இடம் இல்லாமலேயே வண்டி வாங்க விட்டதுதான் இதற்கெல்லாம் வேர். ஜப்பானில் 1962இலேயே சட்டம் போட்டு, கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்குச் சான்று காட்டித்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அது அரசு செய்ய வேண்டிய வேலை. அதுவரை நம் தெருவுக்குள் நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, தெருவின் அகலம். இந்த வாரம் நாடா வைத்து அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கம் கார் நிற்கும்போது உங்கள் கேட் விளிம்பிலிருந்து அந்தக் கார் வரை ஐந்து மீட்டருக்கு மேல் இருந்தால், ரிவர்ஸில் நிறுத்தப் பழகுவதும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் கேட்பதும் போதுமாக இருக்கலாம். நாலு மீட்டர், அதற்கும் கீழே என்றால் எதிர்ப்பக்கத்தில் உங்கள் வாசலுக்கு நேரே உள்ள அளவாவது காலியாக இருந்தே ஆக வேண்டும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்பீஸோடு அவரைக் கூப்பிடுங்கள், சாவியை அவர் கையில் கொடுங்கள்.